ஒரே ‘தந்தி’யில் இதயத் துடிப்பும் வயர்லெஸ்ஸும்: ஈசிஜியைத் தந்த ஐன்தோவன் யார்?

ஆபீஸ் முடிந்து வந்து சோபாவில் சாய்கிறீர்கள். இடது கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சின் ஓரத்து பட்டனில் வலது கை விரலை வைக்கிறீர்கள். 30 விநாடி. போன் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடி முடிகிறது. கீழே ‘சைனஸ் ரிதம்’ என்று வருகிறது. அப்பாடா என்று அடுத்த ஆப்பைத் திறந்துவிடுகிறீர்கள்.

அந்த 30 விநாடியில் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. ஒன்று, உங்கள் தோலில் பரவும் மிகச் சிறிய மின்சாரத்திலிருந்து இதயத்துக்குச் சொந்தமானதை மட்டும் வாட்ச் பிரித்தெடுத்தது. இரண்டு, அதை வயர் இல்லாமல் போனுக்கு அனுப்பியது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: வந்து சேர்ந்த சிக்னலில் உண்மை எது, நடுவில் ஒட்டிக்கொண்டது எது?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டும் துறைக்கு இன்று சிக்னல் பிராசஸிங் என்று பெயர். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில், இதயத்துக்கும் வயர்லெஸ்ஸுக்கும் ஒரே கருவியோடு போனவர் ஒருவர் இருக்கிறார். அவர் வில்லெம் ஐன்தோவன். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஈசிஜி என்றாலே நினைவுக்கு வரும் பெயர். ஆனால் அவருடைய வாழ்க்கையில் வயர்லெஸ் அத்தியாயம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

ஜாவாவில் பிறந்த டாக்டர் மகன்

ஐன்தோவன் பிறந்தது ஐரோப்பாவில் இல்லை. 1860 மே 21 அன்று, ஜாவா தீவில் உள்ள செமராங் நகரில் பிறந்தார். இன்றைய இந்தோனேசியா அப்போது டச்சுக்காரர்களின் காலனி. அப்பா யாக்கோப் அங்கே டாக்டர். ஆறு பிள்ளைகளில் வில்லெம் மூன்றாவது.

வில்லெமுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து அம்மா ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்துக்குக் கப்பலேறினார். உட்ரெக்ட் நகரில் குடும்பம் குடியேறியது.

1878-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். கையில் காசில்லை. அதனால் இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு ‘பாண்ட்’ போட்டுத்தான் படித்தார். படிப்பு முடிந்ததும் காலனி ராணுவத்தில் டாக்டராகப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். அதாவது, அப்பாவைப் போலவே ஜாவாவுக்குத் திரும்ப வேண்டும்.

ஆனால் திரும்பவில்லை. 1885-ல், 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராக நியமித்தது. படிக்க வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு லைடனுக்குப் போனார். சாகும்வரை அங்கேதான் வேலை. 42 வருடம், ஒரே பல்கலைக்கழகம்.

அவருடைய சுபாவத்தைக் காட்டும் ஒரு சம்பவம் மாணவப் பருவத்திலேயே உண்டு. உடற்பயிற்சி, வாள்வீச்சு, படகோட்டுதல் என்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தவர் ஒருமுறை விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில், கை எப்படித் திரும்புகிறது, முழங்கை மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார். அது ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. உடம்பை ஓர் இயந்திரமாகப் பார்த்து, அதன் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

இதயத்தில் கரன்ட் எங்கிருந்து வருகிறது?

இதயம் ஒரு தசை. ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதன் செல்களில் ஒரு மின் மாற்றம் அலைபோலப் பரவும். மேல் அறைகளில் தொடங்கி, கீழ் அறைகளுக்கு இறங்கி, பிறகு செல்கள் பழைய நிலைக்குத் திரும்பும். உடம்பு முழுக்க உப்பு நீர் என்பதால், இந்த மாற்றத்தின் நிழல் தோல் வரைக்கும் வந்துவிடும்.

ஆனால் மிகவும் பலவீனமாக வரும். தோலில் கிடைப்பது சுமார் ஒரு மில்லிவோல்ட். டிவி ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரி 1.5 வோல்ட். அதில் 1500-ல் ஒரு பங்குதான் இது. அதுவும் ஒரு விநாடிக்குள் வந்து போய்விடும்.

இதை மனித உடம்பின் மேலிருந்து முதலில் பதிவு செய்தவர் ஐன்தோவன் அல்ல. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-ல் அதைச் செய்துவிட்டார். வாலர் தன் வளர்ப்பு நாய் ஜிம்மியையும் மேடைக்கு அழைத்து வருவார். நாயின் கால்கள் உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இருக்க, இதயத்தின் மின்துடிப்பு கூட்டத்துக்கு முன்னால் தெரியும். இது நாய்க்குக் கொடுமை இல்லையா என்று 1909-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று பதில் வந்தது.

1889-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடலியங்கியல் வல்லுநர்களின் முதல் சர்வதேச மாநாடு. அங்கே வாலர் செய்து காட்டியதை ஐன்தோவன் நேரில் பார்த்தார். தன் கண்டுபிடிப்பு மருத்துவமனையில் பெரிதாகப் பயன்படும் என்று வாலருக்கே பல வருடங்கள் நம்பிக்கை இல்லை. ஐன்தோவனுக்கு வேறு விஷயம் உறுத்தியது. கருவி காட்டும் கோடு உண்மைதானா?

பாதரசத்தின் சோம்பேறித்தனம்

அந்தக் காலத்தில் இருந்த கருவியின் பெயர் கேப்பிலரி எலக்ட்ரோமீட்டர். மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம், அதன் மேல் நீர்த்த கந்தக அமிலம். மின் அழுத்தம் மாறினால் பாதரசத்தின் விளிம்பு லேசாக ஏறி இறங்கும். அந்த அசைவை நகரும் போட்டோ தகட்டில் பிடிப்பார்கள்.

பிரச்சினை என்னவென்றால் பாதரசம் கனமானது. இதயம் சட்டென்று ஒரு துடிப்பைக் கொடுத்தால் பாதரசம் மெதுவாகத்தான் எழும். அது மேலே போய்ச் சேருவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். கூர்மையான சிகரம் மழுங்கிய மேடாகப் பதிவாகும்.

புரியவில்லையா? வீட்டில் காய்ச்சலுக்கு வைக்கும் பழைய பாதரச தெர்மாமீட்டரை நினைத்துப் பாருங்கள். வைத்த உடனே எடுத்தால் தப்பான எண்தான் காட்டும். ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். இதயம் அப்படிப் பொறுக்காது.

ஆனால் ஒரு தந்திரம் உண்டு. தெர்மாமீட்டரில் பாதரசம் இப்போது எங்கே இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்த்தால், கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். வேகமாக ஏறினால் உண்மையான சூடு இன்னும் தூரத்தில் இருக்கிறது. மெதுவாக ஏறினால் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஐன்தோவன் செய்தது இதைத்தான். பதிவான கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு விஷயங்களை அளந்தார்: கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது. தன் கருவியின் சோம்பலைத் தனியாகச் சோதித்து, அதற்கு ஓர் எண் கண்டுபிடித்து வைத்திருந்தார். செங்குத்தை அந்த எண்ணால் பெருக்கி உயரத்தோடு கூட்டினால் உண்மையான மின் அழுத்தம் கிடைக்கும். புள்ளி புள்ளியாக, கையாலேயே கணக்கு.

இன்றைய சிக்னல் பிராசஸிங் பாடத்தில், கருவி செய்த மாற்றத்தைத் தலைகீழாகச் செய்து அசல் சிக்னலை மீட்பது ஒரு முக்கிய அத்தியாயம். போனில் எடுத்த மங்கலான போட்டோவைக் கூர்மையாக்கும் மென்பொருளும் அடிப்படையில் இந்த வகை வேலையைத்தான் செய்கிறது. ஐன்தோவன் அதைப் பேனாவும் தாளும் வைத்து முடித்தார்.

பி, க்யூ, ஆர், எஸ், டி: ஏன் இந்த எழுத்துகள்?

ஈசிஜி ரிப்போர்ட் பார்த்தவர்களுக்கு இந்த எழுத்துகள் தெரிந்திருக்கும். ‘ஏ’யில் தொடங்காமல் ஏன் ‘பி’, ‘க்யூ’ என்று நடுவில் தொடங்குகிறது என்று யோசித்ததுண்டா?

காரணம், ஏ, பி, சி, டி என்று தொடங்கும் முதல் வரிசை எழுத்துகளை அவர் கருவி காட்டிய மழுங்கிய கோட்டுக்குக் கொடுத்துவிட்டார். கணக்குப் போட்டுத் திருத்திய கோட்டில் ஐந்து வளைவுகள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஆங்கில அகரவரிசையில் தள்ளியிருக்கும் பி, க்யூ, ஆர், எஸ், டி ஆகிய எழுத்துகளைத் திருத்திய கோட்டுக்கு வைத்தார். இது நடந்தது 1895-ல்.

ஆக, உலகம் முழுக்க இன்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்த எழுத்துகள், ஒரு கணக்கின் விடைக்கு வைத்த பெயர்கள். முதல் வளைவு மேல் அறைகளின் வேலை. க்யூ, ஆர், எஸ் மூன்றும் சேர்ந்து கீழ் அறைகளின் வேலை. கடைசி வளைவு, தசை அடுத்த துடிப்புக்குத் தயாராவது.

அம்பு எய்து செய்த இழை

கணக்கு சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட முடியுமா? திருத்தவே தேவையில்லாத கருவி வேண்டும் என்று முடிவு செய்தார் ஐன்தோவன். கனமான பாதரசத்துக்குப் பதிலாக எடையே இல்லாதது போன்ற ஒன்று அசைய வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்தது குவார்ட்ஸ் இழை. தடிமன் சுமார் 2 முதல் 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இதை எப்படிச் செய்வது? ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருந்தார். குவார்ட்ஸை உருக்கி, அதன் ஒரு முனையை அம்போடு சேர்த்து வில்லிலிருந்து எய்ய வேண்டும். அம்பு பறக்கும் வேகத்தில் உருகிய குவார்ட்ஸ் கண்ணுக்குத் தெரியாத நூலாக நீண்டுவிடும். அந்த நூலில் மின்சாரம் பாய்வதற்காக மேலே வெள்ளிப் பூச்சு.

இந்த இழையை மிக வலுவான மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவில் கட்டினார். இதயத்திலிருந்து வரும் மின்சாரம் இழையில் பாயும்போது, காந்தம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். துருவங்களிலேயே துளை போட்டு, ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் மைக்ராஸ்கோப். இழையின் நிழல் பல நூறு மடங்கு பெரிதாகி, நகரும் போட்டோ தகட்டில் விழும். இதுதான் ஸ்ட்ரிங் கால்வனோமீட்டர். 1901-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்.

இதிலும் ஒரு சமரசம் இருந்தது. இழையைத் தளர்வாகக் கட்டினால் சின்ன சிக்னலுக்கும் நன்றாக அசையும், ஆனால் மெதுவாக அசையும். இறுக்கிக் கட்டினால் வேகமாக அசையும், ஆனால் கொஞ்சமாகத்தான் அசையும். உணர்திறனா, வேகமா என்ற இந்த இழுபறி இன்றைய எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்களுக்கும் தினசரி விஷயம். ஐன்தோவன் அதை ஒரு திருகைத் திருப்பித் தீர்த்துக்கொண்டார்.

புதுக் கருவி கொடுத்த கோடு எப்படி இருந்தது? எந்தத் திருத்தமும் இல்லாமலே, முன்பு அவர் கணக்கில் கண்டுபிடித்த அதே பி, க்யூ, ஆர், எஸ், டி வந்து நின்றன. கணக்கும் கருவியும் இரண்டு வழியாகப் போய் ஒரே இடத்தில் சந்தித்தன. கோடு உண்மைதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

270 கிலோ, ஐந்து பேர்

இன்று மணிக்கட்டில் இருக்கும் சமாச்சாரம் அன்று சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் தேவை. காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்து உட்கார்ந்திருப்பார்.

அப்போதே ஒரு விஷயத்தில் ஐன்தோவன் பிடிவாதமாக இருந்தார். யார் எடுத்தாலும், எந்தக் கருவியில் எடுத்தாலும், ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகம். ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம். வீட்டில் பழைய ஈசிஜி ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓரத்தில் இந்த இரண்டு எண்களும் அப்படியே அச்சாகி இருக்கும். நூறு வருடத்துக்கும் மேலாக மாறவில்லை.

சைக்கிளில் வந்தவரின் துடிப்பு

கருவி ஆய்வகத்தில். நோயாளிகள் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில். கருவியைத் தூக்கிப் போக முடியாது, நடமாட முடியாத நோயாளியையும் அழைத்து வர முடியாது. இயற்பியலாளர் யோஹன்னஸ் பாஸ்கா ஒரு யோசனை சொன்னார். ஆளைக் கொண்டுவர வேண்டாம், சிக்னலை மட்டும் கொண்டுவந்தால் போதாதா?

டெலிபோன் கேபிள் வழியாக மருத்துவமனையும் ஆய்வகமும் இணைக்கப்பட்டன. 1905 மார்ச் 22 அன்று முதல் பதிவு வந்தது. மறுமுனையில் இருந்தவர் நோயாளி இல்லை, திடகாத்திரமான ஓர் ஆள். அவருடைய ‘ஆர்’ சிகரம் உயரமாக இருந்தது. ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு சைக்கிள் மிதித்துப் போனதுதான் காரணம் என்று குறித்து வைத்தார்கள்.

அடுத்த வருடமே ஐன்தோவன் இந்த முறைக்கு ‘டெலிகார்டியோகிராம்’ என்று பெயர் வைத்து நீண்ட கட்டுரை எழுதினார். இதயச் சுவர் தடித்தல், இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் தொடர்பு அறுந்துபோதல் என்று பல கோளாறுகளின் கோடுகள் அதில் இருந்தன. இன்று ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி, சில நொடிகளில் நகரத்து இதய நிபுணரின் போனுக்குப் போகிறது. அந்த வழி தொடங்கியது லைடனின் டெலிபோன் கம்பியில்தான்.

இதயத்தைச் சுற்றி ஒரு முக்கோணம்

இதயத்தை ஒரே ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் போதுமா? போதாது என்றார் ஐன்தோவன். வலது கைக்கும் இடது கைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முதல் லீட். வலது கைக்கும் இடது காலுக்கும் நடுவில் இரண்டாவது. இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவில் மூன்றாவது. இந்த மூன்று புள்ளிகளையும் சமபக்க முக்கோணமாக வைத்து, நடுவில் இதயம் இருப்பதாக எடுத்துக்கொண்டால், மின் அலை எந்தத் திசையில் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

1912, 1913-ல் வெளியான இந்த யோசனைக்கு இன்றும் ஐன்தோவன் முக்கோணம் என்றுதான் பெயர். இதில் ஒரு சோதனையும் அடக்கம். முதல் லீட்டையும் மூன்றாவது லீட்டையும் கூட்டினால் இரண்டாவது வர வேண்டும். வரவில்லையா? எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

இதற்கிடையே கருவி ஆய்வகத்தை விட்டு வெளியே போனது. மியூனிக் நகரத்து எடல்மான் முதலில் செய்து விற்றார். ராயல்டி விவகாரத்தில் அந்த உறவு கசந்தது. பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ரூமென்ட் கம்பெனி கையில் எடுத்தது. அதை நடத்தியவர் ஹொரேஸ் டார்வின், பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன். 1911-ல் மேசை மேல் வைக்கும் அளவுக்குக் கருவி சுருங்கியது. லண்டன் டாக்டர் தாமஸ் லூயிஸ் போன்றவர்கள் அதை நோயாளிகளிடம் கொண்டுபோய், எந்தக் கோடு எந்த நோயைச் சொல்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள்.

தந்தி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

தமிழில் ‘தந்தி’ என்றால் வீணையில் இருக்கும் கம்பியும்தான், அந்தக் காலத்து தபால் ஆபீஸில் அடிப்பதும்தான். ஐன்தோவன் கதையில் இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றாகிவிடுகின்றன.

காந்தத்துக்கு நடுவில் மெல்லிய கம்பி கட்டும் யோசனையை, 1897-லேயே பிரான்ஸின் கிளமென்ட் அடேர் கடலடித் தந்திச் செய்திகளை வாங்குவதற்காகப் பயன்படுத்தியிருந்தார். அடேரின் கருவிக்கும் ஐன்தோவன் கருவிக்கும் நுட்பத்தில் பெரிய இடைவெளி உண்டு. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். தந்திக்காகப் பிறந்த யோசனை இதயத்துக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த திருப்பம் முதல் உலகப் போருக்குப் பிறகு. நெதர்லாந்துக்கும் ஜாவாவுக்கும் நடுவில் செய்தி போக வேண்டுமானால் பிரிட்டிஷ்காரர்களின் கேபிள்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று டச்சு அரசுக்குப் புரிந்தது. பதில், நேரடி வயர்லெஸ். ஜாவாவின் பாண்டுங் அருகே உள்ள மலபார் மலையில் பிரமாண்ட வானொலி நிலையம் எழுந்தது. நம்ம ஊர் மலபார் இல்லை, அந்த மலைக்கும் அதே பெயர். பொறியாளர் டி க்ரோட் பள்ளத்தாக்குக்கு குறுக்கே ஏரியல் கம்பிகளைக் கட்டினார். 1923 மே மாதம் நிலையம் திறக்கப்பட்டது. நெதர்லாந்துப் பக்கம் கோட்வைக் நிலையம்.

இரண்டுக்கும் நடுவில் 11,000 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் கடந்து வரும் சிக்னல் எப்படி இருக்கும்? மெலிந்துபோய், இடி மின்னல் கிளப்பும் இரைச்சலில் மூழ்கி வரும். தோலில் கிடைக்கும் இதயத் துடிப்பின் நிலைமைதான் இதற்கும்.

ஐன்தோவனின் மகன் பெயரும் வில்லெம்தான். அவர் மின்பொறியாளர். அப்பாவும் மகனும் சேர்ந்து இழையை இன்னும் மெல்லியதாக்கி, காற்றின் தடை இல்லாமல் அசைவதற்காக அதை வெற்றிடத்துக்குள் வைத்தார்கள். வீணைத் தந்தியை முறுக்கி சுருதி சேர்ப்பது போல, அனுப்பும் நிலையத்தின் அலைவரிசைக்கு ஏற்ப இழையை முறுக்கினார்கள். அந்த ஓர் அலைவரிசை வந்தால் மட்டும் இழை நன்றாக அதிரும். மற்றதற்கெல்லாம் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். இன்று இதை ஃபில்டர் என்கிறோம். உங்கள் போனுக்குள்ளும் வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் குட்டிக் குட்டி ஃபில்டர்கள் இருக்கின்றன. அவற்றில் பலவும் அதிர்வை நம்பித்தான் வேலை செய்கின்றன.

பத்து வயதில் ஜாவாவை விட்டு வந்த பையன், அறுபது வயதைக் கடந்த பிறகு, அந்தத் தீவுக்கும் தன் ஊருக்கும் நடுவில் போகும் சிக்னலுக்காகத் தன் இழையைத் தீட்டிக்கொண்டிருந்தார். மகன் பின்னாளில் பாண்டுங்கிலேயே வானொலி ஆய்வுக்கூடத்தை நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு 1945-ல் இறந்துபோனார்.

நோபலும், கூட வேலை செய்தவரும்

1924-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஐன்தோவனுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு நோபல் உரையில் தாமஸ் லூயிஸின் பங்கை மறக்காமல் சொன்னார். லூயிஸ் போன்றவர்கள் நோயாளிகளிடம் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் தன் கருவிக்கு இந்த இடம் கிடைத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. ஆய்வகத்தில் கருவியைக் கையால் செய்து கொடுத்தவர் வான் டெர் வூர்ட் என்ற உதவியாளர். பரிசுப் பணத்தை அவரோடு பகிர்ந்துகொள்ள ஐன்தோவன் விரும்பினார். ஆனால் அவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அவருடைய இரண்டு சகோதரிகள் வறுமையில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, பணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தாராம். பெரிய கண்டுபிடிப்புகளின் கதையில் ஸ்பானர் பிடித்தவர்களின் பெயர் அடிக்கடி காணாமல் போகும். இங்கே அந்தப் பெயர் தப்பித்ததற்கு ஐன்தோவனும் ஒரு காரணம்.

1927 செப்டம்பர் 29 அன்று, 67 வயதில் லைடனில் ஐன்தோவன் காலமானார்.

இதயத்தையும் வயர்லெஸ்ஸையும் ஒன்றாக இணைத்ததை அவர் பார்க்கவில்லை. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்ட்டர், 30 கிலோவைத் தாண்டும் ஒரு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, நடமாடும் மனிதனின் ஈசிஜியை ரேடியோவில் அனுப்பிக் காட்டினார். இன்று டாக்டர்கள் ‘ஹோல்ட்டர் வையுங்கள்’ என்று சொல்வது அவர் பெயரில் உள்ள, பாக்கெட்டில் அடங்கும் கருவியை.

உங்கள் வாட்ச்சுக்குத் தெரியாதது

இப்போது மறுபடி சோபாவுக்கு வருவோம். இடது மணிக்கட்டில் வாட்ச், அதன் மேல் வலது கை விரல். கை முதல் கை வரை. அதாவது ஐன்தோவன் சொன்ன முதல் லீட். வாளிகள் இரண்டும் போய், உலோகத் துண்டு இரண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சாதாரணமாக வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு வேறு விஷயம். அது வெளிச்சத்தை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. அது ஈசிஜி இல்லை.

திரையில் வரும் கோடு சுத்தமாக இருப்பதற்குக் காரணம், பல ஃபில்டர்களைத் தாண்டி வந்ததுதான். சுவர் ப்ளக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், கைத்தசையின் நடுக்கம், மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் மிதப்பது எல்லாவற்றையும் நீக்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும்போது ‘ஆடாம படுங்க’ என்று சொல்வதும் இதற்குத்தான். ஆனால் ஃபில்டர் அளவுக்கு மீறினால் உண்மையும் சேர்ந்து போகும். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் எஸ்-டி பகுதியின் வடிவமே மாறித் தெரியலாம். பாதரசக் கோட்டைப் பார்த்து ஐன்தோவன் கேட்ட கேள்வியை இந்தக் கோட்டைப் பார்த்தும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, ஒரு லீட் என்பது ஒரு ஜன்னல். துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று பார்க்க அந்த ஒரு ஜன்னல் உதவும். ஆனால் இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தால், அதை நன்றாகப் பார்ப்பவை காலோடு சேர்ந்த லீட்கள்தான். கைகளுக்கு நடுவில் மட்டும் பார்க்கும் வாட்ச் அதைத் தவறவிடலாம். ஆஸ்பத்திரியில் 10 இடத்தில் ஒட்டி 12 லீட் எடுப்பது அதனால்தான். வாட்ச் தயாரிப்பாளர்களே, இது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று எழுதித்தான் விற்கிறார்கள்.

அதனால் நெஞ்சு வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு முட்டினாலோ, வாட்ச் ‘சைனஸ் ரிதம்’ என்று சொல்கிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஒரு ஜன்னல் போதாது என்று ஐன்தோவன் முக்கோணம் போட்டுக் காட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.